டம்ளருக்கு எத்தனை கிராம்?

கூமாப்பட்டியில் மளிகைக் கடைக்காரர் கிலோவில் நிறுத்துத் தருவார். வீட்டுப் பெரியவர்கள் ஆழாக்கு, உழக்கு என்பார்கள். யூடியூபில் சமைப்பவரோ 'ஒரு கப்' என்பார். அந்தக் கப்பும் ஒன்றில்லை: அமெரிக்காவில் சுமார் 240 மில்லி, ஆஸ்திரேலியாவில் 250, ரைஸ் குக்கரோடு வருவது பெரும்பாலும் 180. யாரோ போட்ட பட்டியலை நம்புவதைவிட, உங்கள் வீட்டு டம்ளருக்கு நீங்களே ஒரு பட்டியல் போட்டுவிடலாம்.

தினமும் அரிசி அளக்கும் டம்ளரையே எடுங்கள். டிஜிட்டல் தராசில் வெறும் டம்ளரை வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு மில்லி தண்ணீர் ஒரு கிராம். ஆகவே தராசு 200 காட்டினால் அது 200 மில்லி டம்ளர்.

டம்ளரை ஈரம் போகத் துடைத்துவிட்டு, ஒவ்வொரு பொருளாக நிரப்பி நிறுங்கள். தலைதட்டித்தான் அளக்க வேண்டும். ஒருநாள் குவித்தும் மறுநாள் தட்டியும் அளந்தால் பட்டியலே வீண். 200 மில்லி டம்ளரில் அரிசி சுமார் 165 கிராம், சீனி 170, நல்லெண்ணெய் 184, பால் 206 வரும். உங்கள் அரிசி ரகத்துக்கு ஐந்து பத்து கிராம் முன்பின் இருக்கும். உங்கள் தராசு சொல்வதையே எழுதுங்கள்.

மாவுதான் ஏமாற்றும். சலித்த கோதுமை மாவு அதே டம்ளரில் 100 கிராம்கூட வராது; அமுக்கி நிரப்பினால் 120-ஐத் தாண்டிவிடும். மாவை மட்டும் எப்போதும் நிறுத்தே போடுங்கள்.

தராசு இல்லையா? அரை லிட்டர் பால் பாக்கெட்டை ஊற்றிப் பார்த்தால் டம்ளரின் கொள்ளளவு தெரிந்துவிடும். பிரிக்காத ஒரு கிலோ சீனிப் பாக்கெட்டை டம்ளர் டம்ளராக அளந்து கொட்டுங்கள். ஆறு வந்தால், 1000-ஐ ஆறால் வகுக்க, டம்ளருக்கு ஏறக்குறைய 167 கிராம்.

இனிக் கணக்கு எளிது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் பாலும் சீனியும்தான் சரக்கு. வீட்டில் செய்து பார்க்க ஒரு லிட்டர் பாலுக்கு 125 கிராம் சீனி என்று வைத்துக்கொள்வோம். பால் ஐந்து டம்ளர். சீனி, 125-ஐ 170-ஆல் வகுத்தால் 0.74, முக்கால் டம்ளர் போதும்.

பழைய படி வீட்டில் இருந்தால் அதையும் தண்ணீர் ஊற்றி அளந்துவிடுங்கள். ஓர் ஆழாக்கு ஏறத்தாழ 168 மில்லி, இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, எட்டு ஆழாக்கு ஒரு படி என்பது ஏட்டுக் கணக்கு. மெட்ரிக் முறைக்கான சட்டம் 1956-இல் வருமுன்பே படி ஊருக்கு ஊர் வேறாக இருந்தது. உங்கள் பரணில் கிடப்பது எந்த ஊர்ப் படியோ!

எல்லாவற்றுக்கும் இந்தக் கணக்கு வேண்டியதில்லை. நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்றால், ஒரே பாத்திரத்தால் இரண்டையும் அளந்தால் முடிந்தது. கடையில் வாங்கும்போதுதான் கிராம் தேவைப்படும். உப்புக்கு மட்டும் கவனம்: தூளுப்பு ஒரு டீஸ்பூன் சுமார் 6 கிராம், கல்லுப்பில் இடைவெளி அதிகம் என்பதால் எடை குறையும். கல்லுப்பு அளவில் தூளுப்பைப் போட்டால் குழம்பு கரித்துவிடும்.