பழைய எஞ்சினைப் புதுப்பிப்பதா, வேறு எஞ்சின் வாங்குவதா?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

முன்னுரை

சொந்த வண்டி வைத்துப் பிழைப்பவர் வாழ்வில் என்றேனும் ஒரு நாள் இந்தக் கேள்வி வந்து நிற்கும். எஞ்சின் தளர்ந்துவிட்டது. அதைப் பிரித்துப் புதுப்பிப்பதா, அல்லது கழற்றிவிட்டு வேறு எஞ்சின் பொருத்துவதா? சென்ற கோடை விடுமுறையில் இக்கேள்வி எங்கள் வீட்டுக்கும் வந்தது. என் தந்தையார் பதினொரு ஆண்டு ஓடிய சிறிய சரக்கு வண்டியில் சூளையிலிருந்து செங்கல் ஏற்றிச் செல்பவர். அந்த வண்டியின் வருவாயில்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிகிறது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறிய நானும் அதனால்தான் படிக்கிறேன்.

ஒரு செயலில் இறங்குமுன் போவது எவ்வளவு, வருவது எவ்வளவு, மிஞ்சுவது எவ்வளவு என்று எண்ணிப் பார்க்கச் சொல்கிறார் வள்ளுவர். எண்ணிப் பார்க்க வேண்டுமானால் முதலில் அளந்து பார்க்க வேண்டும். அளப்பதுதானே நம் இயற்பியலின் முதற்பாடம்! அப்பாடம் ஒரு பட்டறையில் எவ்வாறு பயன்பட்டது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

நோயும் அறிகுறியும்

ருடால்ஃப் டீசல் 1897-இல் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய எஞ்சினில் தீப்பொறி தரும் பிளக் கிடையாது. காற்றை அழுத்தினால் அது சூடேறும். அச்சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். வகுப்பில் நாம் படித்த வெப்பமாற்றீடற்ற அழுத்தம் இதுவே. 300 கெல்வின் வெப்பநிலையில் உள்ள காற்றைப் பதினேழில் ஒரு பங்காகச் சுருக்கினால், ஏட்டுக் கணக்குப்படி அது சுமார் 930 கெல்வினை, அதாவது ஏறத்தாழ 660 பாகை செல்சியஸை எட்டும். சிலிண்டர் சுவர் கொஞ்சம் வெப்பத்தை வாங்கிக்கொண்டாலும் டீசல் எரிய எஞ்சியதே போதும்.

பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்தால் அழுத்தப்படும் காற்று இடுக்கு வழியே கீழே கசியும். அழுத்தமும் சூடும் குறையும். காலையில் வண்டி எளிதில் ஸ்டார்ட் ஆகாது, மேட்டில் இழுக்காது. எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வரும். புகைக்குழாயில் வரும் புகையின் நிறமும் ஒரு சாட்சி. நீலப்புகை ஆயில் எரிவதைக் காட்டும். கரும்புகை, டீசல் மிகுந்து காற்றுக் குறைந்ததைக் காட்டும். நிற்காத வெண்புகை, எரியாத டீசலையோ உள்ளே புகுந்த தண்ணீரையோ காட்டும்.

ஆயினும் அறிகுறியை மட்டும் நம்பி எஞ்சினுக்குத் தீர்ப்பு எழுதுதல் கூடாது. வால்வு சரியாக அமராவிட்டாலும், ஹெட் கேஸ்கெட் போனாலும், இன்ஜெக்டர் கெட்டாலும் இவற்றுள் சில தோன்றும். அவை சிறு செலவில் தீர்பவை. எனவே முதலில் செய்ய வேண்டியது கம்ப்ரஷன் சோதனை. எங்கள் வண்டியின் நான்கு சிலிண்டர்களில் முறையே 27, 26, 17, 26 என்று மீட்டர் காட்டியது. இது சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்னும் கணக்கு. மூன்றாம் சிலிண்டரில்தான் நோய் என்பது தெளிவாயிற்று.

மூன்று வழிகள்

எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன. ஒன்று, எஞ்சினைப் பிரித்து, போர் அடித்து, கிராங்க் கிரைண்டிங் செய்து, பிஸ்டன், ரிங், பேரிங் ஆகியவற்றைப் புதிதாகப் போடுவது. இதற்கு மெக்கானிக் சொன்ன மதிப்பு 78,000 ரூபாய். ஆகும் நாள் பன்னிரண்டு. இரண்டு, ஓடிய வண்டியில் கழற்றிய பழைய எஞ்சின். பொருத்துக்கூலி, பதிவுச் செலவு எல்லாம் சேர்த்து 63,000 ரூபாய். மூன்று நாளில் வண்டி சாலைக்கு வந்துவிடும். மூன்று, புத்தம் புதிய எஞ்சின். அது 1,90,000 ரூபாய். இதற்கும் மூன்று நாள்தான்.

"பழசு ஒண்ணு வாங்கிப் போட்டுட்டா புதன்கிழமை லோடு எடுக்கலாம்" என்றார் அப்பா. சித்தப்பாவும் அதையே சொன்னார். வண்டி நின்றால் ஒரு நாளைக்குச் செலவு போக 900 ரூபாய் இழப்பு. அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. நான் ஒரு தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

எதனால் வகுப்பது?

விலையை மட்டும் ஒப்பிட்டால் இரண்டாம் வழியே மலிவு. ஆனால் நாம் வாங்குவது இரும்பை அன்று, ஓட்டத்தை. எனவே மொத்தச் செலவை, கிடைக்கக்கூடிய கிலோமீட்டரால் வகுக்க வேண்டும். நின்ற நாளின் இழப்பையும் செலவில் சேர்க்க வேண்டும்.

ஒழுங்காகப் புதுப்பித்த எஞ்சின் ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடும் என்று மெக்கானிக் சொன்னதை எடுத்துக்கொண்டோம். 78,000 ரூபாயோடு பன்னிரண்டு நாள் இழப்பு 10,800 சேர்த்தால் 88,800. கிலோமீட்டருக்கு 59 காசு. பழைய எஞ்சினின் கடந்த காலம் யாருக்கும் தெரியாது. அறுபதாயிரம் ஓடினால் நல்லது என்றார். இழப்பும் சேர்த்து 65,700 ரூபாய். கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1 ரூபாய் 10 காசு. புதிய எஞ்சினுக்கு 1,92,700. அது மூன்று லட்சம் ஓடும் என்றால் 64 காசுதான்.

இங்கேதான் நான் முதலில் தவறு செய்தேன். "புது எஞ்சினும் ஏறக்குறைய அதே கணக்குத்தானே" என்றேன். அப்பா சிரித்தார். "எஞ்சின் மூணு லட்சம் ஓடும்டா. சேஸ், கியர் பாக்ஸ், பாடி எல்லாம் ஓடுமா?" என்று கேட்டார். பதினொரு ஆண்டு வண்டி இன்னும் ஒன்றரை லட்சம் ஓடினாலே பெரிது. அப்படியானால் 1,92,700-ஐ ஒன்றரை லட்சத்தால்தான் வகுக்க வேண்டும். விடை 1 ரூபாய் 28 காசு! வகுக்கும் எண் எஞ்சினின் ஆயுள் அன்று. வண்டியின் மிச்ச ஆயுள். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய என் தந்தையார் எனக்குக் கற்பித்த கணக்கு இது.

பிரித்துப் பார்த்தபோது

கணக்கு சொன்னாலும், உள்ளே பிளாக்கில் வெடிப்பு இருந்தால் எல்லாம் வீண். ஆகவே பிரித்து அளந்த பிறகே முடிவு என்று தீர்மானித்தோம். மூன்றாம் பிஸ்டனில் ரிங் உடைந்து சிலிண்டர் சுவரில் கீறல் விழுந்திருந்தது. மேல், நடு, கீழ் என மூன்று இடத்திலும், ஒவ்வோர் இடத்தில் இரு திசையிலும் அளந்தார்கள். ரிங் மேலே போய்த் திரும்பும் இடத்தில்தான் தேய்மானம் மிகுதி, அங்கே 0.18 மில்லிமீட்டர்.

லேத் பட்டறையில் கிராங்கை வைத்ததும், "தம்பி, காலேஜ்ல என்ன படிக்கிறே?" என்று கேட்டார் அங்கிருந்த பெரியவர். இயற்பியல் என்றேன். மைக்ரோமீட்டரை என் கையில் கொடுத்தார். முதலாண்டு ஆய்வகத்தில் கம்பியின் விட்டம் காண நாம் பிடித்த அதே திருகு அளவிதான், சற்றுப் பெரியது. சுழிப்பிழை பார்த்துவிட்டு அளந்தேன். ஒரு திசையில் 51.97, அதற்குக் குறுக்கே 51.91. வட்டமாக இருக்க வேண்டிய கிராங்க் பின் 0.06 மில்லிமீட்டர் நீள்வட்டமாகிவிட்டது. பெரியவர் தானும் ஒருமுறை அளந்து, "சரியாத்தான் சொல்றே" என்றார். தேர்வில் பெற்ற எந்த மதிப்பெண்ணும் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி தந்ததில்லை.

பிளாக்கில் வெடிப்பில்லை. இதற்குமுன் ஒருமுறைகூடப் போர் அடிக்கப்படவில்லை. பெரிய அளவுப் பிஸ்டன்கள் 0.25, 0.50 எனப் படிப்படியாகக் கிடைக்கும். கீறல் ஆழமாக இருந்ததால் நான்கு சிலிண்டர்களையும் 0.50-க்கு அடித்தோம். கிராங்கை 0.25 குறைத்து, அதற்கேற்ற பேரிங் போட்டோம். புதுப்பிப்பது என்பது முடிவாயிற்று. அம்மாவின் வளையல்கள் அடகுக்குப் போயின.

காரணம் தேடாத வைத்தியம்

ரிங் ஏன் உடைந்தது? ஏர் ஃபில்டரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாய் அடிப்பக்கம் கிழிந்திருந்தது. சூளைத் தூசி வடிகட்டப்படாமல் உள்ளே போய்ச் சுவரைச் சாணைபோல் அறுத்திருக்கிறது. அதைக் கண்டதும் அப்பா நெடுநேரம் பேசவில்லை. இக்குழாயை மாற்றாமல் வேறு எஞ்சின் போட்டிருந்தால் அதற்கும் இதே கதிதான். பழுதின் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் செய்யும் எந்தச் செலவும் ஓட்டைப் பானையில் ஊற்றும் தண்ணீரே.

எப்போது எது நன்று?

எல்லா வண்டிக்கும் எங்கள் விடை பொருந்தாது. பிளாக் வெடித்திருந்தாலும், கனெக்டிங் ராடு உடைந்து பிளாக்கைத் துளைத்திருந்தாலும், போரும் கிராங்கும் கடைசி அளவை எட்டியிருந்தாலும் வேறு எஞ்சினே வழி. உதிரிப்பாகம் கிடைக்காத வண்டிக்கும், நம்பத்தக்க லேத் பட்டறை அருகில் இல்லாத ஊருக்கும் அதுவே. 2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 விதிக்கேற்ப வந்த வண்டிகளில் உணர்விகளும் மின்னணுக் கட்டுப்பாடும் மிகுதி. அவற்றில் கைவைக்கப் பயிற்சி பெற்றவர் வேண்டும். வேறு எஞ்சின் வாங்குவோர் ஒன்றை மறக்கலாகாது. எஞ்சின் எண் பதிவுச் சான்றில் உள்ளது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அதை முறையாக மாற்றாவிட்டால் தகுதிச் சான்றிலும் காப்பீட்டிலும் சிக்கல் வரும்.

பல வண்டிகள் வைத்திருக்கும் பெரிய போக்குவரத்து நிறுவனங்கள் இரண்டையும் செய்யலாம். கையிருப்பு எஞ்சினை இன்று மாட்டி வண்டியை அனுப்பிவிட்டு, கழற்றியதைப் பணிமனையில் பொறுமையாகப் புதுப்பிக்கலாம். ஒற்றை வண்டிக்காரனுக்கு அந்த வசதி இல்லை. அதனால்தான் அவனுக்குக் கணக்குத் தேவை.

முடிவுரை

உண்மையைச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு நாள் என்ற வேலை பத்தொன்பது நாள் ஆயிற்று. லேத்தில் எங்களுக்கு முன் பல கிராங்குகள் வரிசையில் கிடந்தன. அந்த ஏழு நாளும் அப்பா வாசற்படியில் உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. மீண்டும் கணக்கிட்டேன். 59 காசு 63 காசாகியிருந்தது. இன்னும் இருபது நாள் தாமதித்திருந்தால் 75 காசைத் தாண்டியிருக்கும். ஆகவே நாள் தவறாத பட்டறையைத் தேர்வதும் இக்கணக்கின் ஒரு பகுதியே.

முதல் 1,500 கிலோமீட்டர் பாதிச் சுமையோடு ஓட்டி, ஆயிலை மாற்றி, மறுபடி கம்ப்ரஷன் பார்த்தோம். 28, 28, 27, 28. இப்போது அப்பா வண்டியில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார். தேதி, கிலோமீட்டர், ஊற்றிய ஆயில், ஃபில்டர் துடைத்த நாள் எல்லாம் அதில் எழுதுகிறார். எழுத்துக் கோணலாகத்தான் இருக்கிறது. எண்கள் சரியாக இருக்கின்றன.