எண்ணெய்த் தீயில் தண்ணீர் ஏன் கூடாது?

கடந்த நோன்பில் ஒரு நாள். அஸர் தொழுதுவிட்டு, சமோசா பொரிக்க எண்ணெய்த் தாச்சியை அடுப்பில் வைத்த உம்மா, வாசலில் யாரோ கூப்பிடும் சத்தம் கேட்டுப் போனார். பேச்சு நீண்டுவிட்டது. நான் குசினிக்குள் வந்தபோது தாச்சியில் சுவாலை எழுந்துகொண்டிருந்தது. உயர்தரத்தில் இரசாயனவியல் படிக்கும் நான் என்ன செய்தேன் தெரியுமா? தண்ணீர் வாளியைத் தூக்கினேன்!

"ஊத்தாத புள்ள!" என்று கத்திக்கொண்டு வந்த உம்மும்மாதான் அடுப்பை நிறுத்தி, சோற்றுப் பானை மூடியால் தாச்சியை மூடினார். அவர் ஐந்தாம் வகுப்புவரை படித்தவர்.

ஊற்றியிருந்தால் என்ன நடந்திருக்கும்? அன்றிரவு தராவீஹுக்குப் பிறகுதான் புத்தகத்தை எடுத்து யோசித்தேன். பொரிப்பதற்கு எண்ணெய் 180 பாகை செல்சியஸ் அளவில் இருந்தால் போதும். அதைத் தாண்டினால் முதலில் புகை வரும். 300 பாகையையும் கடந்து சூடேறிக்கொண்டே போனால், சுவாலை படாமலேயே தானாகப் பற்றிக்கொள்ளும். நீர் எண்ணெயைவிட அடர்த்தி கூடியது. ஊற்றியதும் அடியில் இறங்கும். ஆனால் நீர் 100 பாகையிலேயே கொதிப்பது அல்லவா? அடியில் போனது கணத்தில் நீராவியாகி ஏறக்குறைய 1,700 மடங்கு பெருகும். மேலே இருக்கும் எண்ணெய் எரியும் துளிகளாகக் கூரைவரை சிதறும். வாளியோடு நின்ற என் முகத்தை நினைக்க இப்போதும் பயமாக இருக்கிறது.

எல்லாத் தீயும் ஒன்றல்ல. ஐரோப்பிய முறையில் விறகு, கடதாசி, துணி என்பவை 'ஏ' வகுப்பு, பெற்றோல், மண்ணெண்ணெய் 'பி', எரிவாயு 'சி', மக்னீசியம் போன்ற உலோகங்கள் 'டி'. சமையல் எண்ணெய்க்குத் தனியாக 'எஃப்'. அமெரிக்காவில் இதையே 'கே' என்பார்கள், குழம்பிவிட வேண்டாம். தண்ணீர் பொருந்துவது 'ஏ' வகுப்புக்கு மட்டுமே.

'எஃப்' வகுப்புக்கான தீயணைப்பானில் இருப்பது பொற்றாசிய உப்புக் கரைசல். அது சூடான எண்ணெயுடன் சேர்ந்து சவர்க்கார நுரைப் படையாகி மேலே மூடிவிடும். பரீட்சைக்காக நாம் பாடமாக்கும் அதே சவர்க்காரமாக்கல்தான்! வீட்டில் அது இல்லாவிட்டால் பொருத்தமான உலோக மூடி போதும். மூடியைக் கேடயம் போல் முன்னால் பிடித்து, நம் பக்கத்திலிருந்து அப்பால் தள்ளி மூட வேண்டும். அந்நேரம் தலையில் தொங்கும் மெல்லிய சோல் கவனம். தாச்சியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடக் கூடாது. கோதுமை மாவைத் தூவவும் கூடாது, அதுவும் எரியும். அணைந்துவிட்டதா என்று இடையில் திறந்தால் ஒட்சிசன் புகுந்து சூடான எண்ணெய் மறுபடி பற்றும். உம்மும்மா மஃரிப் தொழுது முடியும்வரை மூடியைத் தொட விடவில்லை.

தீ அலுமாரிக்குத் தாவிவிட்டால் அணைக்க நிற்காதீர்கள். எல்லோரும் வெளியேறி 110ஐ அழையுங்கள். கையில் சுட்டுவிட்டால் பற்பசை பூச வேண்டாம். 20 நிமிடம் குழாய் நீரைக் காயத்தின் மேல் ஓடவிடுங்கள்.

அன்று நோன்பு திறக்கப் பேரீச்சம்பழமும் கஞ்சியும்தான். சமோசா மறுநாள் பொரித்தோம். அந்த மூடி இப்போது அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. வாசலில் யார் கூப்பிட்டாலும் உம்மா முதலில் அடுப்பை நிறுத்திவிட்டுத்தான் போகிறார்.