மழைக்காலத்தில் யூக்கா தொட்டியை எங்கே வைப்பது?

கனடாவிலும் சுவிட்சர்லாந்திலும் தொட்டியில் யூக்கா வளர்க்கும் நம்மவர்களுக்குப் பனிக்காலம் வந்தால் கவலை. திண்டுக்கல்லில் மார்கழி விடியற்காலைக் குளிர்கூட இந்தச் செடியை ஒன்றும் செய்வதில்லை. மலைகளின் மழை மறைவில் இருப்பதால் ஆடி, ஆவணி வரை பெரும்பாலும் காய்ந்து கிடக்கிற ஊர் இது. வருஷத்து மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் இறங்குகிறது. கோடை முழுக்க மொட்டை மாடியில் கம்பீரமாக நின்ற யூக்கா, அந்த இரண்டு மாதங்களில்தான் அழுகிச் சாகிறது.

காரணம் எளிது. தண்டிலும் வேரிலும் நீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் செடி இது. மண் நாள்கணக்கில் ஈரமாக இருந்தால் வேருக்குக் காற்று கிடைக்காது. நவம்பரில் இங்கே இரவிலும் வெப்பம் 20 டிகிரியை ஒட்டியே இருப்பதால், வேரை அழுக வைக்கும் பூஞ்சைக்கு அது கொண்டாட்டம். ஆகவே எந்த வழியைத் தேர்ந்தாலும் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்: வேர் காயுமா? இலைக்கு வெளிச்சம் கிடைக்குமா?

பலரும் செய்வது, செடியை மாடியிலேயே திறந்தவெளியில் விட்டுவிடுவது. இது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். மண்கலவை சரியாக இருந்தால் பெரிய செடிகள் தாங்கிவிடும். ஆனால் நர்சரியிலிருந்து வரும் தொட்டியில் பெரும்பாலும் செம்மண்ணும் தென்னை நார்க்கழிவும்தான் இருக்கும். தொட்டியைச் சாய்த்து அடித்துளையைப் பாருங்கள். செம்மண் குழைந்து, சாந்து பூசியதுபோல் துளையை அடைத்திருந்தால் அந்தச் செடி அடைமழையைத் தாண்டுவது கடினம். புரட்டாசிக்குள் மாற்றி நடுங்கள். மூன்றில் ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு சிப்ஸ் ஜல்லி அல்லது உடைத்த செங்கல், மீதியில் பருமணலும் கொஞ்சம் மக்கிய தொழு உரமும். எம்-சாண்ட் போடுவதானால் சலித்து, தூளைக் கழித்துவிட்டுப் போடுங்கள். அந்தத் தூள் ஈரத்தில் இறுகிக்கொள்ளும். தொட்டியைத் தரையில் வைக்காமல் இரண்டு செங்கல்மேல் தூக்கி வையுங்கள். அடியில் தட்டு வேண்டவே வேண்டாம்.

தொட்டியும் கணக்கில் சேரும். மழைக்காலத்துக்கு மண் தொட்டிக்கு நிகரில்லை. அது பக்கவாட்டிலும் ஈரத்தைக் கசியவிடும், உள்ளே என்ன நடக்கிறது என்பதையும் காட்டிவிடும்: மேல்பாதி வெளிறியும் கீழ்ப்பாதி கருஞ்சிவப்பாகவும் இருந்தால் அடியில் இன்னும் நீர் நிற்கிறது. பிளாஸ்டிக் தொட்டியில் இந்த அடையாளம் கிடையாது. தூக்கிப் பார்த்து எடையால்தான் அறியவேண்டும்.

சிறிய செடிகளுக்கும், இலையில் மஞ்சள் கோடு போட்ட வகைகளுக்கும் என் முதல் தேர்வு சன்ஷேடின் அடி அல்லது போர்ட்டிகோவின் ஓரம். நேர்மழை படாது, காற்று ஓடும், காலை வெயில் விழும். வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் கிழக்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் சாரலடிக்கும் என்பதால், தென்பக்கம் இடமிருந்தால் இன்னும் நல்லது. அங்கே வைத்த செடிக்கு 2 வாரத்துக்கு ஒருமுறை ஒரு சொம்புத் தண்ணீர் தாராளம். வானம் மூடியே இருந்தால் அதுவும் வேண்டாம்.

வீட்டுக்குள் கொண்டுபோவது பார்வைக்கு அழகு. ஆனால் நம் வீடுகளின் ஹால் யூக்காவுக்குப் பெரும்பாலும் இருட்டு. வெளிச்சம் குறைந்து தண்ணீரும் தொடர்ந்தால் நடுக்குருத்து வெளுத்து நீண்டு துவண்டுவிடும். ஜன்னலை ஒட்டி இடமிருந்தால் மட்டும் கொண்டுபோங்கள். இலை நுனியில் ஊசிபோல் முள் உள்ள அலோயிஃபோலியா வகையைக் குழந்தைகள் ஓடியாடும் வீட்டுக்குள் வைக்கவே வேண்டாம். அந்த முள் சரியாகக் கண் உயரத்தில் நிற்கும். பாலித்தீன் தாளால் செடியை மூடிக் கட்டுவதையும் நான் ஒப்பமாட்டேன். மழை விட்டு வெயில் அடித்ததும் உள்ளே புழுங்கிக் குருத்து அவிந்துபோகும். புயல் எச்சரிக்கை உள்ள ஓரிரு நாளுக்கு, சிறு தொட்டிகளைப் பக்கவாட்டில் படுக்கவைத்துவிட்டாலே போதும்.

இடமிருப்பவர்கள் தரையில் நட்டுவிடலாம். ஒரு முழ உயரத்துக்கு மேடு போட்டு, அதில் ஜல்லி கலந்து நட்டால் பிறகு கவலை குறைவு. ஆனால் முள்ளில்லாத தடித்தண்டு ஜைஜான்டியா வகை 8 மீட்டருக்கு மேல் மரமாகும், அடிப்பகுதி யானைக்கால்போல் பருக்கும். காம்பவுண்டுச் சுவரையும் செப்டிக் டேங்கையும் விட்டுத் தள்ளி நடுங்கள்.

கொடைக்கானலில் உறவினர் இருந்தால் அவர்களுக்குக் கணக்கு வேறு. டிசம்பர், ஜனவரியில் ஏரியைச் சுற்றிய தாழ்வான இடங்களில் உறைபனி விழும். ஜைஜான்டியா லேசான உறைபனியைத்தான் தாங்கும். இரவில் கல்சுவரை ஒட்டி நகர்த்திச் சாக்கு போர்த்தி, காலையில் எடுத்துவிட வேண்டும். ஃபிலமென்டோசா வகை கடுங்குளிரையும் தாங்கும். அங்கேகூடத் தேங்கிய நீர்தான் அதற்கு ஆகாது.

எங்கே வைத்தாலும் மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை தண்டின் அடியைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் நலம். மெத்தென்று அமுங்கி நாற்றமும் அடித்தால் காத்திருக்காதீர்கள். உள்ளே வெள்ளையாகத் தெரியும்வரை மேலே தள்ளி வெட்டி, அந்தத் துண்டை நிழலில் ஒரு வாரம் உலர்த்தி, வெறும் மணலில் நடுங்கள். தைமாதம் வெயில் ஏறும்போது வேர் பிடித்திருக்கும். நிழலில் இருந்த செடிகளையும் அப்போது ஒரேயடியாக மாடிக்கு ஏற்றாமல், முதல் வாரம் காலை வெயில் மட்டும் படும்படி வைத்துப் பழக்குங்கள். இல்லையென்றால் இலை வெந்து வெள்ளைத் திட்டு விழும், அது மறுபடி பச்சையாகாது.