சர்வர் ஏன் சோம்புகிறது?

புது சர்வர் பழையதைவிட மந்தமாக இருக்கிறது. லினக்ஸில் பவர் செட்டிங்கை ‘பெர்ஃபார்மன்ஸ்’ என்று மாற்றியும் பலனில்லை. மெஷினில் கோளாறா?
– ஒரு வாசகர், கழக்கூட்டம், திருவனந்தபுரம்

அவசரப்பட்டுத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள், பயாஸைப் பாருங்கள். பல சர்வர்கள் ஃபேக்டரியிலிருந்தே கரண்ட் சிக்கன செட்டிங்கோடுதான் வருகின்றன. அதில் ப்ராசசர் வேகத்தை ஹார்டுவேரே முடிவு செய்யும். லினக்ஸின் உத்தரவு, வீட்டோடு மாப்பிள்ளையின் பேச்சு மாதிரி, சபை ஏறாது.

பயாஸில் பவர் ப்ரொஃபைலுக்குப் போய், கட்டுப்பாட்டை ஓ.எஸ். வசம் கொடுங்கள். பிறகு ‘பெர்ஃபார்மன்ஸ்’ வேலை செய்யும். டேட்டாபேஸ் ஓடுகிறதென்றால், வேலையில்லாத ப்ராசசரைத் தூங்கவைக்கும் சி-ஸ்டேட்டையும் கட்டுப்படுத்துங்கள். சி6 என்னும் ஆழ்ந்த தூக்கத்திலிருந்து ப்ராசசர் விழிக்க 100 மைக்ரோ விநாடிக்கு மேல்கூட ஆகலாம். குட்டிக் குட்டிக் கோரிக்கைகள் ஓயாமல் வந்தால் அது உறைக்கும்.

கரண்ட் பில் ஏறத்தான் செய்யும். ராத்திரி பேக்கப் எடுக்கும் சர்வரை மட்டும் சிக்கனத்திலேயே விட்டுவிடுங்கள். வேகமும் சிக்கனமும் சேர்ந்தே வருவதும் உண்டு: உங்கள் ஊர் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் 2011-இல் கட்டிய ‘சாகா-220’ சூப்பர் கம்ப்யூட்டர், 220 டெராஃப்ளாப் வேகத்துக்கு 150 கிலோவாட்தான் கேட்டது. ஜிபியூக்களைச் சேர்த்ததில் வந்த சிக்கனம் அது.

பயாஸ் மாற்றத்துக்கு ரீபூட் வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் செய்யாதீர்கள்.