மரம் பூத்தாள்

மாணவர்களே! இப்பாடத்தின் தலைப்பிலேயே பிழை இருக்கிறது என்று உங்களுள் சிலர் இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள். மரம் அஃறிணை; 'பூத்தாள்' என்பது உயர்திணைப் பெண்பால் வினைமுற்று. எழுவாயும் பயனிலையும் திணையால் ஒத்து வரவில்லை. நானும் அவ்வாறு எண்ணியே, சில ஆண்டுகளுக்கு முன் ராஞ்சியில் பணியாற்றியபோது, எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் ஏட்டில் "சால மரம் பூத்தாள்" என்னும் தொடரின் கீழ்ச் சிவப்பு மையால் கோடிட்டு, அரை மதிப்பெண்ணைக் குறைத்தேன்.

அவள் ஒராவோன் பழங்குடியைச் சேர்ந்தவள். தந்தையார் சென்னையில் வேலை பார்த்த மூன்று ஆண்டுகளில் தமிழ் படிக்கத் தொடங்கியவள். ஊர் திரும்பிய பின்னும் அதை விருப்பமொழியாக விடாமல் பற்றிக்கொண்டாள். அவள் வீட்டில் பேசுவது குரூக் மொழி. அதுவும் நம் தமிழைப் போலத் திராவிட மொழியே. நாம் 'நீ' என்பதை அவர்கள் 'நீன்' என்பர். மரம் அவர்களுக்கு 'மன்'. ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் வந்து, வீட்டு நினைவோடு இருந்த எனக்கு அச்சொற்களைக் கேட்ட அன்று உறவினர் ஒருவரைச் சந்தையில் கண்டது போல் இருந்தது.

பிழையைத் திருத்தச் சொன்னபோது அவள் தயங்கினாள். "ஐயா, எங்கள் மொழியில் பாட்டிக்கும் மரத்துக்கும் ஒரே சொல்தான்" என்றாள். அவள் சொன்னது உண்மை. குரூக்கில் ஒருமையில் ஆண்மகனுக்கு 'ஆஸ்'. பெண், பசு, மரம், கல் ஆகிய அனைத்துக்கும் 'ஆத்'. வினைமுற்றும் அதற்கேற்பவே அமையும். பாட்டி வந்ததையும் மழை வந்ததையும் ஒரே விகுதி சொல்லிவிடும். தமிழில் எழுதும்போது பாட்டிக்கு உரிய 'ஆள்' விகுதியை அவள் மரத்துக்கும் கொடுத்துவிட்டாள். பெண்ணைப் பொருளின் நிலைக்கு இறக்கும் இலக்கணம் இது என்றும் ஒருவர் வாதிடலாம். விகுதி ஒன்றை மட்டும் வைத்து ஒரு மக்களின் மனத்தை அளந்துவிட முடியாது. அதனால் அவள் தந்தையாரின் இசைவுடன், அவ்வாண்டு சர்ஹுல் விழாவன்று அவர்கள் ஊர்த் தோப்புக்குச் சென்றேன்.

அத்தோப்பைச் சர்னா என்பர். ஊர் எழும்புவதற்காகக் காட்டை வெட்டியபோது வெட்டாமல் விட்ட பழைய சால மரங்களே அங்கு நிற்கின்றன. கோபுரமோ கூரையோ உருவச்சிலையோ இல்லை. தோப்பில் உறைபவளைக் குரூக்கில் சாலா பச்சோ என அழைக்கின்றனர்; 'பச்சோ' என்றால் மூதாட்டி. பாகன் எனப்படும் ஊர்ப்பூசகர் முந்தைய நாள் புதுப்பானைகளில் நீர் நிரப்பி வைத்து, மறுநாள் காலையில் நீரின் அளவைப் பார்த்து அவ்வாண்டின் மழையைக் கணித்துச் சொல்கிறார். பின்னர் சாலப் பூங்கொத்துகள் வீடு வீடாகச் செல்கின்றன. ஆடவர் காதிலும் மகளிர் கூந்தலிலும் அவற்றைச் செருகிக்கொள்கின்றனர்.

சர்ஹுல் முடியும்வரை புதுப் பூவையும் புதுக் காயையும் பறிப்பதில்லை என்பது அவர்கள் மரபு. சாலத்தின் விதை விழுந்த சில நாள்களிலேயே முளைக்கும் திறனை இழந்துவிடும். பூ பூவாகவே நின்று, காயாகி, முதல் மழையோடு மண்ணைச் சேர்ந்தால்தான் அடுத்த கன்று. "ஆகவே காட்டைக் காக்கச் செய்த ஏற்பாடு இது" என்று நான் ஆசிரியருக்குரிய பெருமிதத்தோடு விளக்கினேன். மாணவியின் பாட்டியார் அதைக் கேட்டுச் சிரித்தார். அவர் சொன்னதைப் பேத்தி மொழிபெயர்த்தாள்: "இன்று பூமிக்கும் சூரியனுக்கும் திருமணம். மணம் முடியாத பெண்ணின் தலைப்பூவை யாராவது பறிப்பார்களா?" என் விளக்கம் பொய்யன்று. ஆயினும் அது மரத்தை 'எது' என்று கேட்டுப் பெற்ற விடை. அப்பாட்டியார் 'யார்' என்று கேட்டு வாழ்கிறார்.

எல்லாப் பொருளிலும் உயிர் உறைகிறது என்னும் இக்கொள்கைக்கு மேலைநாட்டார் அனிமிசம் எனப் பெயரிட்டனர்; உயிர் எனப் பொருள்படும் 'அனிமா' என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது அது. 1871இல் எட்வர்ட் டைலர் தம் நூலில் இதைச் சமயத்தின் தொடக்கநிலை என்றார். பயணிகளும் சமயப் பணியாளர்களும் எழுதி அனுப்பியவற்றைப் பெரிதும் சார்ந்து எழுதியவர் அவர். தொடக்கநிலை என்றால் நாம் எல்லோரும் அதைக் கடந்து மேலே வந்துவிட்டோம் என்றாகிறது. அவ்வாறு வந்துவிட்டோமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு.

'யார்' என்று கேட்பதற்கு விலையும் உண்டு. அதே மாநிலத்தில் கோயல், காரோ ஆறுகளில் அணை கட்டத் திட்டமிட்டபோது முண்டா மக்கள் பல ஆண்டுகள் எதிர்த்து நின்றனர். நிலத்துக்கும் வீட்டுக்கும் ஈடு தரலாம். சர்னாவையும் முன்னோர் எலும்புகள் துயிலும் சாசந்திரிக் கற்களையும் எங்கே குடியமர்த்துவது? 2001 பிப்ரவரி 2ஆம் நாள் தப்காராவில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் எட்டுப் பேர் உயிரிழந்தனர். 2003இல் திட்டம் கைவிடப்பட்டது.

விழாவிலிருந்து திரும்பிய இரவு நன்னூலை எடுத்துப் புரட்டினேன். மகிழ்ச்சியாலோ சிறப்பாலோ சினத்தாலோ திணை மாறிவரின் அதைக் குற்றமாகக் கொள்ளாமல் வழுவமைதி என ஏற்கலாம் என்கிறது அது. தன் பசுவைத் தாயாக எண்ணி ஒருவன் உவந்து பெண்பாலில் பேசுவதை உரையாசிரியர்கள் சான்று காட்டுகின்றனர். நற்றிணையிலும் ஒரு தலைவி, தான் வளர்த்த புன்னையைத் தாய் உடன்பிறந்தவள் எனக் காட்டியதால், அதன் நிழலில் காதலனோடு சிரித்துப் பேச நாணுகிறாள். என் மாணவிக்கு இடம் தர நம் இலக்கணத்திலேயே கதவு திறந்திருந்தது, நான்தான் தாழிட்டிருந்தேன்.

மறுநாள் அரை மதிப்பெண்ணைத் திருப்பித் தந்து, வழுவமைதியை விளக்கினேன். அவள் கவனமாகக் கேட்டுவிட்டு, "ஆனால் ஐயா, நான் மகிழ்ச்சியில் அப்படி எழுதவில்லையே. சும்மாதான் எழுதினேன்" என்றாள். உவப்பும் இல்லை, சிறப்பும் இல்லை. உள்ளதை உள்ளபடி சொன்னேன் என்கிறாள். அதற்கு நன்னூலில் விதியைத் தேடினேன், கிடைக்கவில்லை.

ஆண்டுத் தேர்வில் 'எங்கள் ஊர் விழா' என்று கட்டுரை கேட்டிருந்தேன். "சால மரம் பூத்தது" என்று அழகிய கையெழுத்தில் எழுதியிருந்தாள். பிழை ஒன்றும் இல்லை. முழு மதிப்பெண் இட்டேன். பிறகு அவ்விடைத்தாளை முதலிலிருந்து மறுபடியும் படித்தேன், எங்கேனும் ஒரு 'பூத்தாள்' தப்பியிருக்குமோ என்று. இல்லை.

பயிற்சி

1. 'வழு', 'வழுவமைதி' இரண்டையும் உங்கள் பேச்சு வழக்கிலிருந்து சான்று தந்து விளக்குக.
2. உங்கள் வீட்டு மொழியில் மரம், ஆறு, மழை ஆகியவற்றுக்கு வினைமுற்று எவ்வாறு அமைகிறது? பெரியோரிடம் கேட்டு எழுதுக.
3. புதுப் பூவைப் பறிக்காமைக்கு ஆசிரியர் கூறிய காரணமும் பாட்டியார் கூறிய காரணமும் எவ்வாறு வேறுபடுகின்றன?
4. ஆசிரியர் நிலையில் நீங்கள் இருந்தால் அந்த அரை மதிப்பெண்ணை என்ன செய்திருப்பீர்கள்? பத்து வரிகளில் எழுதுக.