மதுரைக்கு இரண்டு நாள்: கிளம்பும் காலையும் முதல் மாலையும்

சனிக்கிழமை காலை சென்னையில் ரயிலேறி, ஞாயிறு இரவு வீடு திரும்பும் மதுரைப் பயணத்தில் முழுசாகக் கையில் கிடைப்பது ஒரே ஒரு மாலைதான். அதை மீனாட்சியம்மன் கோயிலுக்கென்றே ஒதுக்கி, பள்ளியறை பூஜை வரை இருந்து பார்த்துவிட்டு வாருங்கள். அந்த நேரத்தில் கால் ஓய்ந்து, கண் சொக்கிப் போகாமல் இருக்கச் சில குறிப்புகள்.

1. வெள்ளிக்கிழமை இட்லி மாவு அரைத்தால் பாதியை உப்புப் போடாமல், வெளியே வைக்காமல் நேராக ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். ஞாயிறு இரவு வந்ததும் உப்புக் கரைத்து வெளியே வைத்தால் திங்கள் காலைக்குப் பொங்கியிருக்கும். ஒரு கரண்டி உறை மோரும் எடுத்து வையுங்கள்.

2. சிலிண்டர் ரெகுலேட்டர், மோட்டார் ஸ்விட்ச், குழாய்கள், பால்கனிக் கதவு ஆகியவற்றை ஒருவரே பார்த்துவிட்டுப் பூட்டட்டும். நான்கு பேர் பொறுப்பு என்றால் யாருமே பார்க்க மாட்டார்கள். குப்பைக் கூடையை முதல் நாள் இரவே காலி செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமைப் பாலை நிறுத்தச் சொல்லுங்கள்.

3. ரயிலுக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லியை மிஞ்ச எதுவும் இல்லை. இட்லி நன்றாக ஆறிய பிறகுதான் பொடி தடவ வேண்டும். சூட்டோடு தடவி மூடினால் வியர்த்து நசநசவென்று ஆகிவிடும். பொடியை நல்லெண்ணெயில் தளரக் குழைத்து இரண்டு பக்கமும் பூசி, தணலில் வாட்டிய வாழையிலையில் அடுக்குங்கள். எண்ணெய் ஊற ஊற, மூன்று மணி நேரம் கழித்துத்தான் ருசி கூடும். தேங்காய்ச் சட்னி வேண்டாம், ஊசிப்போகும்.

4. தயிர்சாதம் கொண்டுபோவதானால் தயிரைக் குறையுங்கள். குழைய வடித்த சாதத்தைக் காய்ச்சிய பாலில் மசித்து, வெதுவெதுப்பானதும் ஒரே ஒரு ஸ்பூன் தயிர் சேர்த்துத் தாளித்தால் போதும். மதியம் திறக்கும்போது பக்குவமாகப் புளித்திருக்கும். கோடையில் அரை ஸ்பூனே அதிகம்.

5. ஏறத்தாழ 490 கிலோமீட்டர். ஏறின உடனே பெரியவர்கள் ஒரு தூக்கம் போடலாம். ஸ்ரீரங்கம் வரும்போது மட்டும் பிள்ளைகளை ஜன்னல் பக்கம் உட்கார வையுங்கள். கொள்ளிடம், காவிரி இரண்டையும் அடுத்தடுத்துத் தாண்டுவதை அவர்கள் பார்க்க வேண்டும்.

6. டவுன்ஹால் ரோடு, மேலப்பெருமாள் மேஸ்திரி வீதிப் பக்கம் தங்கினால் ஸ்டேஷனும் கோயிலும் நடக்கிற தூரம்தான். அறை எடுக்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: 24 மணி நேரக் கணக்கா, பகல் 12 மணிக்குக் காலி செய்யும் கணக்கா? வெந்நீர் எத்தனை மணி வரை வரும்?

7. பகல் 12.30 மணிவாக்கில் கோயில் நடை சாத்தினால் திரும்பத் திறக்க மாலை 4 மணி ஆகும். ஆகவே மதியத் தூக்கத்தால் எதுவும் கெட்டுப்போகாது. குளித்துவிட்டுப் படுங்கள். 'வந்ததும் வந்தோம், ஒரு நடை மகாலைப் பார்த்துவிடலாம்' என்று கிளம்ப வேண்டாம். திருமலை நாயக்கர் மகாலை ஞாயிறு காலை நிதானமாகப் பார்க்கலாம்.

8. செல்போன் அறையிலேயே இருக்கட்டும். 2018 பிப்ரவரியில் வீர வசந்தராயர் மண்டபம் தீப்பிடித்த பிறகு கோயிலுக்குள் போனுக்கு அனுமதி கிடையாது. இதற்குத் தக்கபடி மூன்று முன்னேற்பாடு வேண்டும். ஒன்று, பூவுக்கும் அர்ச்சனைக்கும் சில்லறை நோட்டுகள். போனில் பணம் அனுப்பியே பழகியவர்கள் வெறுங்கையோடு நிற்பார்கள். இரண்டு, லாட்ஜின் விலாசச் சீட்டு ஆளுக்கொன்று. மூன்று, கூட்டத்தில் பிரிந்துவிட்டால் எங்கே சேர்வது என்ற பேச்சு. பொற்றாமரைக் குளத்துப் படிக்கட்டு அதற்கு நல்ல இடம். பாட்டியிடமும் பிள்ளைகளிடமும் இரண்டு தடவை சொல்லுங்கள்.

9. நான்கு கோபுரமும் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்றுபோலத் தெரியும். செருப்பு விட்ட வாசல் கிழக்கா மேற்கா என்று மனதில் குறித்துக்கொள்ளுங்கள். அரை டிரவுசரோடு உள்ளே விட மாட்டார்கள். வேட்டி, புடவை, சுடிதார் எதுவானாலும் நூலாடையாக இருந்தால் கூட்டத்தில் புழுங்காது.

10. மதுரையில் முதல் கும்பிடு அம்மனுக்குத்தான். கிழக்கே அம்மன் சன்னதி வாசலில் அஷ்டசக்தி மண்டபம் வழியாக நுழையுங்கள். குளக்கரையில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். அம்மனைத் தரிசித்து, முக்குறுணி விநாயகரைக் கும்பிட்டுச் சுவாமி சன்னதிக்குப் போகலாம்.

11. இரவு ஒன்பது மணியை ஒட்டிப் பள்ளியறை பூஜை நடக்கும். அன்றைய நேரத்தைக் கோயில் ஊழியரிடமே கேட்டு, கால் மணி நேரம் முன்னதாக அம்மன் சன்னதிப் பக்கம் போய்விடுங்கள். சுந்தரேசுவரரின் திருப்பாதம் பல்லக்கில் வரும். விளக்கு வெளிச்சம், நாதஸ்வரம், மல்லிகை வாசனை எல்லாமாகச் சேர்ந்து நெஞ்சை நிறைக்கிற காட்சி அது. தூங்கி விழுகிற குழந்தையையும் எழுப்பித் தோளில் தூக்கிக் காட்டுங்கள்.

12. வெளியே வந்ததும் சுடச்சுட இட்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தூங்கா நகரத்தில் இரவு பத்து மணிக்கும் பசிக்கு வழி இருக்கும். கறி தோசை, பரோட்டா மேல் ஆசை இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளலாம். பயணம் செய்த வயிற்றுக்கு அன்றைக்கே வேண்டாம். விளக்குத்தூண் பக்கம் நடந்தால் ஜிகர்தண்டா. பாலும் கடல்பாசியும் நன்னாரியும் ஐஸ்கிரீமும் சேர்ந்து கனமாக இருக்கும், இரண்டு பேருக்கு ஒன்று வாங்குங்கள். சளி பிடித்த பிள்ளைகளுக்குக் கருப்பட்டியும் சுக்கும் போட்ட பருத்திப்பால் நல்லது.