மூக்கும் சைனஸும்: நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை



நம் வகுப்பில் மூச்சுப் பயிற்சி என்று சொன்னதுமே யாராவது ஒருவர், “அண்ணா, எனக்கு சைனஸ் இருக்கு, என்னால முடியாது” என்பார். “எனக்கும் இருக்கு தம்பி. இங்க உட்கார்ந்திருக்கிற எல்லாருக்கும் இருக்கு!” என்பதுதான் என் பதில்.

சைனஸ் என்பது நோயின் பெயர் இல்லை. நெற்றி, கன்னம், கண்களுக்கு நடுவே, அதற்கும் பின்னால் என முக எலும்புகளுக்குள் இருக்கும் நான்கு ஜோடி காற்றறைகளின் பெயர். இவற்றின் உள்சுவரில் சளிப்படலமும், அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்களும் உண்டு. சளி தூசியையும் கிருமியையும் பிடித்துக்கொள்ளும். நுண்மயிர்கள் அதை மூக்குப் பக்கம் தள்ளிவிடும். கன்னத்து அறையின் வாசல் உயரத்தில் இருப்பதால், அங்குள்ள சளி தானாக வடியாது. நுண்மயிர்கள்தான் மேலே ஏற்ற வேண்டும். சளிக்காய்ச்சலாலோ ஒவ்வாமையாலோ வாசல் வீங்கி அடைத்தால் சளி தேங்கும், முகம் வலிக்கும். இதற்குத்தான் சைனசைடிஸ் என்று பெயர்.

ஆக, நம்மைச் சுத்தம் செய்ய இயற்கையே ஓர் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது. அதைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்வதே நம் கடமை.

1. புகையைத் தவிருங்கள். சிகரெட் புகை நுண்மயிர்களைச் செயலிழக்கச் செய்யும். வேப் பிடித்தால் ஒன்றும் ஆகாது என்று நினைக்காதீங்க. அதுவும் மூக்கை உறுத்தும். 2015, 2019 போலப் புகைமூட்டம் சூழும் நாட்களில் வெளியே ஓட்டம், பந்து விளையாட்டு வேண்டாம். சாம்பிராணி, ஊதுபத்தி ஏற்றும்போது சன்னலைத் திறந்து வையுங்கள். அதனால் பக்தி குறைந்துவிடாது!

2. தண்ணீர் குடியுங்கள். உடலில் நீர் குறைந்தால் சளி கெட்டியாகும். நாள் முழுக்க ஏர்கோன் அறையில் இருப்பவர்களுக்குத் தாகம் தெரியாது. பக்கத்தில் ஒரு போத்தல் தண்ணீர் இருக்கட்டும்.

3. படுக்கையைக் கவனியுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் தூசிப்பூச்சிகள் நன்றாக வளரும். காலையில் அடுக்கடுக்காகத் தும்மல் வந்தால் அதுவும் காரணமாக இருக்கலாம். விரிப்பு, தலையணை உறைகளை வாரம் ஒருமுறை சுடுநீரில் துவையுங்கள்.

4. மெதுவாகச் சிந்துங்கள். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும். பலமாகச் சிந்தினால் சளி சைனஸுக்குள்ளேயே திரும்பிப் போகக்கூடும். பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

5. ஜல நேதி. ஹட யோகப் பிரதீபிகை கூறும் ஆறு சுத்திகரிப்பு முறைகளில் நேதியும் ஒன்று. அந்நூல் சொல்வது நூலால் செய்யும் நேதி. இன்று பலரும் செய்வது உப்புநீரால் செய்யும் ஜல நேதி. நாள்பட்ட மூக்கடைப்புக்கு உப்புநீரால் கழுவுவதை இன்றைய மருத்துவர்களும் பரிந்துரைக்கிறார்கள்.

ஆனால் இங்கேதான் கவனம் வேண்டும். குழாய்த் தண்ணீரை அப்படியே மூக்கில் ஊற்றவே கூடாது. 2011-இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் குழாய் நீரால் நேதி செய்த இருவர் இறந்தார்கள். நெக்லேரியா ஃபவுலேரி என்ற அமீபா மூக்கு வழியாக மூளைக்குச் சென்றதே காரணம். அதே நீரைக் குடித்தால் இந்த நோய் வராது. மூக்கில் போனால்தான் ஆபத்து. இது மிக அரிது, ஆனால் வந்தால் பிழைப்பது கடினம்.

எனவே தண்ணீரை ஒரு நிமிடமாவது நன்றாகக் கொதிக்க வைத்து, வெதுவெதுப்பாக ஆறவிடுங்கள். கால் லிட்டருக்கு அயோடின் கலக்காத உப்பு அரைத் தேக்கரண்டி. தலையை ஒருபக்கம் சாய்த்து, வாயால் மூச்சுவிட்டபடி மேல் துவாரத்தில் ஊற்றினால் கீழ்த் துவாரம் வழியாக வெளிவரும். செம்பை ஒவ்வொரு முறையும் கழுவி உலர்த்துங்கள். மூக்கு முழுதாக அடைத்திருந்தாலோ காது வலித்தாலோ செய்யாதீங்க. முதல் தடவை, பழகியவர் துணையோடு செய்வது நல்லது.

சைனஸ் தொல்லை பெரும்பாலும் வைரஸால் வருவது. வைரஸை ஆண்டிபயாட்டிக் மாத்திரை ஒன்றும் செய்யாது. பத்து நாட்களுக்குள் பலருக்கும் தானே சரியாகிவிடும். பத்து நாளாகியும் குறையவில்லை, அல்லது குறைந்து மறுபடி கூடுகிறது என்றால் கிளினிக் போங்க. கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை இரட்டையாகத் தெரிவது, கழுத்து விறைப்பு, தாங்க முடியாத தலைவலி இருந்தால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அந்த நேரத்தில் கைவைத்தியம் உதவாது.

இந்த வாரப் பயிற்சி: உங்கள் வீட்டில் மூக்குக்குத் தொல்லை தருபவை எவை? மூன்றைக் கண்டுபிடித்து எழுதுங்கள். அவற்றில் ஒன்றையாவது மாற்றிவிட்டு அடுத்த வகுப்புக்கு வாருங்கள்.